ஒற்றை நட்சத்திரமும் தவமணி அக்காவின் மெத்தைகளும்

"லயத்துல இருந்து வந்த புள்ளைய ரிசப்ஷன்ல நிப்பாட்ட ஏலுமா? ஹவுஸ்கீப்பிங்ல போடுங்க. பெட்ஷீட் மடிச்சுப் பழகட்டும்."

கண்டியில் ஒரு ஹோட்டலுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தேன். கதவைச் சரியாகச் சாத்தாமல் மேலாளர் இப்படிச் சொன்னது வெளியே கதிரையில் இருந்த எனக்குக் கேட்டது. என் மடியில் இருந்த ஃபைலில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறும், ஹோட்டல் பயிற்சி நெறியின் சான்றிதழும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் வங்கியில் பெருவிரல்தான் வைக்கிறார். அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு, என் பெயரைக் கூப்பிடும் முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைச் சொல்லிக் காட்டியதற்காக மட்டும் அல்ல. பெட்ஷீட் மடிப்பது படித்தவள் செய்யும் வேலை இல்லை என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பு எவ்வளவு பிழை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தங்கும் வீடு நடத்தும் தொழிலுக்கு வர நினைக்கும் தங்கச்சிமார் பலர் என்னிடம் கேட்பது, "அக்கா, அநியாயமா ரிவியூ போட்டா என்ன செய்றது?" என்றுதான். எனக்குத் தெரிந்த பதில் ஒரே ஒரு ரிவியூவின் கதைதான்.

ஹாஜியாரின் மேல்மாடி

திகனயில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக ஒரு மாடி வீடு கட்டினார். மகன் வரவில்லை. மேல்மாடியில் இரண்டு அறைகள், விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும் பல்கனி, எல்லாம் சும்மா கிடந்தன. அவற்றை நாள் வாடகைக்கு ஆப்பில் போடலாம் என்று யாரோ சொல்ல, ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளையைத் தேடினார். நான் போய் நின்றேன்.

"கம்பியூட்டர் தெரியுமா மகள்?"

"தெரியும் ஹாஜியார்."

"வெள்ளக்காரனோட பேசுவீங்களா?"

"பேசுவேன்."

"அப்ப சரி. எனக்கு ரெண்டும் ஏலா."

நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான். லிஸ்டிங் எழுதுவது, படம் போடுவது, விருந்தினரின் செய்திகளுக்குப் பதில் எழுதுவது, செக்-இன், செக்-அவுட் எல்லாம் என் பொறுப்பு. அறைகளைத் துப்புரவாக வைத்திருப்பது தவமணி அக்காவின் பொறுப்பு.

தவமணி அக்கா வத்தேகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்ததும் திகனக்கு வந்து வாடகை அறையில் இருந்தார். முதல் வாரம் அவர் வேலை செய்வதை நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். பிறகு என்னை அறியாமலே நின்று பார்க்கத் தொடங்கினேன்.

விருந்தினர் போனதும் அவர் படுக்கை விரிப்பை உருவி எடுக்க மாட்டார். நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்து, கொழுந்துச் சாக்கைத் தூக்குவதுபோல் தூக்கி, பல்கனி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்ப்பார். தலைமுடி, பிஸ்கட் தூள், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஊறப்போடுவார். அடுத்து மெத்தை. கொண்டையில் இருந்து ஓர் ஊசியை எடுத்து, மெத்தையின் தையல் ஓரம் முழுக்க, நான்கு பக்கமும், கீறிக்கொண்டே போவார். கடைசியில் குனிந்து மோந்து பார்ப்பார்.

"என்ன அக்கா மோந்து பாக்குறீங்க?"

"மூட்டப்பூச்சி இருந்தா வாசம் வரும் புள்ள. கொத்தமல்லித் தழைய கசக்குன மாதிரி. லயத்துல நாங்க படாத பாடா? அது ஒண்ணு வந்துச்சுன்னா வீட்டையே கொளுத்தினாலும் போகாது."

திங்கட்கிழமைகளில் வெயில் இருந்தால் இரண்டு மெத்தைகளையும் பல்கனிக்கு இழுத்துப் போடுவார். மூன்று வருஷம் இதில் ஒரு திங்கள் தவறவில்லை. பயிற்சி நெறியில் ஹவுஸ்கீப்பிங் பாடத்துக்கு நான் நல்ல புள்ளி எடுத்தவள். தையல் ஓரத்தை ஊசியால் கீறிப் பார் என்று அந்தப் பாடத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

மழைக்கு மூன்று நட்சத்திரம்

அநியாய ரிவியூக்கள் முதல் மாதத்திலேயே வந்தன. மழை பெய்ததற்காக ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். குரங்கு பாண் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனதற்கு இன்னொருவர் எங்களைக் குறை சொன்னார். பல்கனிக் கதவை மூடி வையுங்கள் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தேன். "எல்லாம் மிகச் சிறப்பு, குறை ஒன்றும் இல்லை" என்று எழுதி நான்கு நட்சத்திரம் போட்ட மனிதரும் இருந்தார். ஐந்தாவதை யாருக்காக வைத்திருந்தாரோ.

முதலில் எல்லாவற்றுக்கும் சண்டைக்கோழி மாதிரிப் பதில் எழுதினேன். ஒருநாள் அப்படி எழுதியதை தவமணி அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"நல்லாத்தான் ஏசியிருக்க," என்றார். "ஆனா இத படிக்கிறது யாரு? ஏச்சு வாங்கினவரா, இனிமே வரப்போறவங்களா?"

அன்றிலிருந்து பதிலை எழுதி வைத்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, இனிமேல் வரப்போகிறவரின் கண்ணால் ஒரு முறை வாசித்த பிறகுதான் வெளியிடுகிறேன்.

நக்கிள்ஸ் போன சோடி

லீனா என்ற பெண்ணும் அவர் கணவரும் ஐரோப்பாவில் இருந்து வந்தார்கள். இரண்டு இரவு புக்கிங். நல்ல மாதிரி ஆட்கள். வந்த அன்று பல்கனியில் வரைபடத்தை விரித்து, அடுத்த நாள் நக்கிள்ஸ் மலைக்கு நடக்கப் போவதாகச் சொன்னார்கள். என்ன கொண்டுபோக வேண்டும் என்று லீனா கேட்டார்.

நான் என் ஆங்கிலத்தை எல்லாம் கொட்டினேன். மஹியங்கனை பஸ் எத்தனை மணிக்கு, ஹுன்னஸ்கிரியாவில் எங்கே இறங்குவது, மழைக்கோட்டு, பிஸ்கட், தண்ணீர், வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. ஒன்றும் விடவில்லை என்ற பெருமை எனக்கு.

அன்று முழுக்க மலையில் மழை. மாலையில் இருவரும் நனைந்து, களைத்து, சிரித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் சாவியைத் தந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. எல்லாம் நன்றாக இருந்ததா என்று கேட்டேன். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறிப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து ரிவியூ வந்தது. ஒரு நட்சத்திரம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மூட்டைப்பூச்சி. காலையில் எழுந்தபோது விரிப்பில் இரத்தம். கால் முழுக்கக் கடி. இந்த இடத்தைத் துப்புரவு செய்பவர் துப்புரவு செய்வதே இல்லை. எங்கள் உடுப்புகளை எறிய வேண்டியதாயிற்று." சாட்சிக்கு இரண்டு படங்கள் வேறு.

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய அடி கிடையாது. சாப்பாடு உப்பு என்றால் அடுத்தவர் வருவார். மூட்டைப்பூச்சி என்றால் ஒருவரும் வர மாட்டார். ஆப் நிறுவனம் அன்றே எங்கள் லிஸ்டிங்கை நிறுத்தியது. பூச்சி கட்டுப்படுத்தும் நிறுவனமொன்றின் பரிசோதனை அறிக்கையை அனுப்பும்வரை புதிய புக்கிங் எடுக்க முடியாது என்று செய்தி வந்தது. கண்டிப் பெரஹர திருவிழா மாதத்துக்கு ஏற்கெனவே எடுத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக ரத்துச் செய்தார்கள்.

ஹாஜியார் கடையில் இருந்து நேராக வந்தார். செருப்பைக் கழற்றாமலே படியேறியதை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன மகள் இது? மூட்டப்பூச்சி எண்டு உலகத்துக்கே தெரியப் போட்டீக்கிறாங்க. மகன் அங்கேருந்து ஃபோன் கோல் எடுத்து ஏசுறான்."

"நான் பாக்குறேன் ஹாஜியார்."

"பாக்க என்ன ஈக்கி? அந்த மனிசிய நிப்பாட்டுங்க. கண்டியில கம்பனி ஈக்கி, துப்புரவாக்கிறதுக்கு. அவங்களப் போடுவோம். கீழ பதில் எழுதுவீங்கல்லவா, அதுல எழுதுங்க, ஆள மாத்திட்டோம் எண்டு. அப்பதான் அடுத்தவன் நம்புவான்."

"தவமணி அக்கா அப்பிடிப்பட்டவங்க இல்ல ஹாஜியார்."

"நான் கெட்டவ எண்டா சொன்னன்? நல்ல மனிசிதான். நல்ல மனிசிக்காக வீட்ட மூடி வெக்க ஏலுமா? வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு வாறன். அதுக்குள்ள எழுதி முடிங்க."

அவர் போன பிறகு நான் கணினிக்கு முன் உட்கார்ந்து எழுதினேன். இதை மறைக்க விரும்பவில்லை. நடந்ததற்கு வருந்துகிறோம், துப்புரவுப் பணியாளரை மாற்றிவிட்டோம். ஆங்கிலத்தில் இரண்டு வரி, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அதை அன்றே வெளியிடாததற்குக் காரணம் என் மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். உண்மையான காரணம், பரிசோதனை அறிக்கை கையில் வந்த பிறகு சேர்த்துப் போடலாம் என்று நினைத்தது.

படம்

அடுத்த நாள் காலை தவமணி அக்கா வழக்கம்போல் வந்தார். விருந்தினர் இல்லாத அறையைக் கூட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"கடையில வேல செய்ற ஆளு சொன்னான். என்னைப் பத்தி ஏதோ எழுதியிருக்காங்களாமே. வாசி."

வாசித்தேன். துப்புரவு செய்வதே இல்லை என்ற வரியைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்லப் பார்த்தேன்.

"ஒழுங்கா வாசி புள்ள. எழுதினத எழுதின மாதிரி வாசி."

எழுதினதை எழுதின மாதிரி வாசித்தேன். கடித்த இடத்தின் படமும் போட்டிருக்கிறார்கள் என்றேன். அக்கா கேட்டார்.

"கடிச்ச படம் இருக்குன்னு சொன்னியே. காட்டு."

திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். கணுக்கால், சப்பாத்துக் காலுறை முடியும் இடத்தில் நான்கைந்து வட்டக் காயங்கள். ஒன்றில் இருந்து இரத்தம் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"ஏன்டி, நீ தோட்டத்துப் புள்ளதானே? இது அட்டைக்கடி."

நான் திரும்பப் பார்த்தேன். அட்டைக்கடிதான். நடுவில் மூன்று கீறல் சந்திக்கும் அந்தச் சின்ன வெட்டு. சின்ன வயதில் மழைக்காலப் பள்ளிக்கூடப் பாதையில் என் காலில் எத்தனை இருந்திருக்கும். கடித்தது தெரியாது, இரத்தம் நிற்காது, பிறகு நாள் கணக்கில் அரிக்கும். மூட்டைப்பூச்சி கடித்தால் கை, கழுத்து, முதுகு என்று வரிசையாகத் தடிக்கும். இப்படி இரத்தம் வழியாது. ரிவியூவை நான் இருபது தடவை வாசித்திருந்தேன். அதற்கு நான்கு விதமாகப் பதில் யோசித்திருந்தேன். படத்தை ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவளுக்கு எழுத்து மட்டுமே கண்ணில் பட்டது.

"விரிப்புல ரத்தம் இருந்துச்சா அக்கா?"

"இருந்துச்சு. கால்மாட்டுல, நாலஞ்சு இடத்துல. உப்புத் தண்ணில ஊறப்போட்டு எடுத்தேன். குளியலறை மூலையில ஒண்ணு கெடந்துச்சு, குடிச்சிட்டு உருண்டு திரண்டு. காகிதத்துல அள்ளி வெளிய எறிஞ்சேன்."

"ஐயோ! அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அட்டைய கண்டேன்னு யாராச்சும் போயி சொல்லுவாங்களா? நான் சொல்லியிருந்தா நீதான் சிரிச்சிருப்ப."

உண்மைதான், சிரித்திருப்பேன். அதை ஒத்துக்கொண்டபோதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது. பஸ் நேரம், பிஸ்கட், மழைக்கோட்டு என்று அத்தனையும் சொன்ன நான், அட்டை என்ற ஒன்று இருப்பதை லீனாவுக்குச் சொல்லவே இல்லை. மறந்து போகவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் தோன்றும்? அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு மலைக்குப் போவதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தா பழகினோம்? வெளியூர்ப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? காலையில் எழுந்து விரிப்பில் இரத்தத்தைக் கண்டால் படுக்கையைத்தான் சந்தேகப்படுவார்.

எனக்கு உடனே சந்தோஷம் பிடித்துக்கொண்டது. "அக்கா, இப்பவே எழுதுறேன். பொய் சொல்லிட்டாங்கன்னு ஆப்புக்கும் எழுதுறேன், அந்தப் பொம்பளைக்கும் எழுதுறேன்."

"நில்லு," என்றார் தவமணி அக்கா. "அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கும்?"

"எங்கயாவது கடல் பக்கம் இருக்கும். ஏன்?"

"இன்னும் சொறிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கும். நகம் பட்டா சீழ் வைக்கும். மூட்டப்பூச்சின்னு நெனச்சிக்கிட்டு என்னத்த பூசிக்கிட்டு இருக்கோ. மொதல்ல அதுக்கு என்ன செய்யணும்னு எழுது. சவர்க்காரம் போட்டு கழுவட்டும், சொறிய வேணாம், வீங்கினா டாக்டர்கிட்ட காட்டட்டும். நம்ம ஞாயத்த பொறகு பேசலாம்."

இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய மனுஷத்தனம் அதுதான். தன் வேலையே போகப்போகிற நிலையில் இருந்தவர், குற்றம் சொன்னவளின் கணுக்காலை நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, கதிரையில் காலைத் தூக்கி வைத்தார்.

"இதையும் படம் புடிச்சி அனுப்பு. அப்பதான் நம்பும்."

கணுக்காலைச் சுற்றிப் பதினெட்டு வருஷத்து அட்டைத் தழும்புகள். சின்னச் சின்ன வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று. எங்கள் அம்மாவின் காலிலும் இதே தழும்புகள் உண்டு. வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துப் படம் எடுத்தேன். இரண்டாம் தடவை எடுத்ததுதான் சரியாக வந்தது.

லீனாவுக்கு நான் எழுதிய செய்தியில் ரிவியூ பற்றி ஒரு சொல்லும் இல்லை. காயத்துக்கு என்ன செய்வது என்று தவமணி அக்கா சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அட்டை இருக்கும் என்று முன்பே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். அக்காவின் காலின் படத்தை இணைத்து, இது உங்கள் அறையைத் துப்புரவு செய்தவரின் கால், இவர் தேயிலை மலையில் வேலை செய்தவர், உங்கள் படத்தைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டவர் இவர்தான் என்று முடித்தேன். பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை

வியாழன் அன்று பூச்சி கட்டுப்படுத்தும் நிறுவனத்தில் இருந்து பரிசோதிக்கும் அதிகாரியாக ஒரு சிங்கள மாத்தையா வந்தார். பெரிய டோர்ச்சோடு இரண்டு அறையையும் ஒரு மணி நேரம் துருவினார். கட்டிலின் ஆணித் துளைகளைப் பார்த்தார். மெத்தையின் தையல் ஓரத்தைத் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை விரலால் விரித்துப் பார்த்தார். தவமணி அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் நே, மிஸ்," என்றார் அவர், இல்லை என்பதைச் சிங்களத்தில் கலந்து. "முட்ட நே, தூசி நே. யாரு இந்த வேல செய்றது? பெரிய ஹோட்டல்லயும் இப்பிடி மெத்த பாக்கல்ல."

அக்காவுக்கு அவர் சொன்னது முழுக்க விளங்கியது. முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. "அப்ப எழுதித் தரச் சொல்லு," என்றார்.

ஜும்மா முடிந்து, தொப்பியோடு ஹாஜியார் வந்தார். நான் அறிக்கையையும் கொடுக்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. திரையில் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டினேன்.

"யா அல்லாஹ், இது அட்டதானே!" என்றார். "எங்கட வாப்பா காட்டுக்குப் போனா பொயில தேச்சிட்டுத்தான் போவார். இத யாரு மூட்டப்பூச்சி எண்டு சொன்ன?"

"அவங்கதான். நாங்களும் நம்பிட்டோம் ஹாஜியார். ஒருத்தரும் படத்த பாக்கல்ல. அட்டை இருக்குன்னு அவங்களுக்கு சொல்லாதது நான். ஆள நிப்பாட்டுறதா இருந்தா என்னத்தான் நிப்பாட்டணும்."

"ரெண்டு பேரயும் நிப்பாட்டிட்டு, கடைய மூடிட்டு, நான் வந்து ஷீட் மடிக்கவா?" அவர் அறிக்கையை வாங்கி, கண்ணாடியை மாட்டி, விளங்காத ஆங்கிலத்தைக் கடைசிவரை பார்த்தார். பிறகு வாசலில் நின்ற தவமணி அக்காவிடம் திரும்பினார். "நான் கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டன் தங்கச்சி. மனசுல வெக்காதீங்க."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே மொதலாளி," என்றார் அக்கா. அவர் சொன்னது உண்மைதான். அக்காவை நிறுத்தச் சொன்ன பேச்சு அன்றுவரை அவர் காதுக்குப் போயிருக்கவில்லை. ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் போனதும் அக்காவைக் கூப்பிட்டு, நான் எழுதி வைத்திருந்த இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினேன். எழுதினதை எழுதின மாதிரி. கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்.

"எம் பேரக்கூட போடலியே. ஆள மாத்திட்டோம்னா, எந்த ஆள?"

அந்த வரிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எங்கள் அறைகளில் மூட்டைப்பூச்சி இல்லை, அறிக்கை இருக்கிறது. படத்தில் இருப்பது அட்டைக்கடி. மலையில் அட்டை உண்டு என்று விருந்தினருக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு, அதற்கு வருந்துகிறேன். கடைசி வரி: "இந்த அறைகளைத் துப்புரவு செய்பவர் திருமதி தவமணி. நேற்றும் அவர்தான் செய்தார், நாளையும் அவர்தான் செய்வார்." தேத்தண்ணி குடித்துவிட்டு, திரும்ப வாசித்துவிட்டு, வெளியிட்டேன்.

ரிவியூ போனது, பதிலும் போனது

லிஸ்டிங் திரும்பத் திறந்தது. முதலில் வந்த விசாரிப்பு ஒரு கொழும்புக் குடும்பத்திடம் இருந்து. "தவமணி இன்னும் அங்கே வேலை செய்கிறாரா? செய்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்." அதை வாசித்துக் காட்டியபோது அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ரிவியூவை நீக்கும்படி ஆப் நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒரே பதில். அது விருந்தினரின் கருத்தாம். பிறகு ஒருநாள் லீனாவிடம் இருந்து நீண்ட செய்தி வந்தது. காயம் வீங்கி மருத்துவரிடம் போனபோதே அட்டை என்று தெரிந்துவிட்டதாம். என் செய்தியும் அந்தக் காலின் படமும் அதற்கு முன்பே வந்திருந்தன. திரும்ப எழுத வெட்கமாக இருந்ததாம். "நான் எழுதியது ஒரு மனிதரைப் பற்றி என்று அப்போது நினைக்கவில்லை" என்று எழுதியிருந்தார். ரிவியூவை எடுத்துவிடும்படி தானே நிறுவனத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். எழுதினார். சில வாரங்களில் அது மறைந்தது. பிழையை ஒத்துக்கொள்ள அந்தப் பெண்ணுக்கும் ஒரு துணிச்சல் இருந்தது. அதையும் நான் மதிக்கிறேன்.

ஆனால் ரிவியூ போனால் அதன் கீழே எழுதிய பதிலும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தேன், இரண்டுமே இல்லை. எங்கள் ரேட்டிங் பழையபடி ஏறியிருந்தது. தவமணி அக்காவின் பெயர் இருந்த ஒரே இடம் இல்லாமல் போயிருந்தது. மூன்று வருஷத்தில் எத்தனையோ பேர் "சுத்தமான அறை, அருமையான ஹோஸ்ட் சத்யா" என்று எழுதியிருக்கிறார்கள். சுத்தம் அவருடையது, பெயர் என்னுடையது. அவற்றைத் திரும்ப மேலிருந்து கீழ்வரை வாசித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான். அநியாயமான ரிவியூ வந்தால் எழுத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். படத்தைப் பாருங்கள், விரிப்பைப் பாருங்கள், அந்த அறையில் கைவைத்து வேலை செய்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நமக்குப் பழகிப்போன விஷயம் வருகிறவருக்குப் புதிது என்பதையும் மறக்காதீர்கள். நான் இப்போது செக்-இன் செய்யும்போது அட்டையில்தான் தொடங்குகிறேன். முக்கியமாக, யாரையாவது காட்டிக்கொடுத்துத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால், அந்த மன்னிப்பை எழுதாதீர்கள்.

ஹாஜியாரின் மேல்மாடியை இன்னும் நாங்கள்தான் பார்க்கிறோம். அதோடு குண்டசாலையில் இரண்டு அறை வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். பத்திரத்தில் இரண்டு கையெழுத்து. லிஸ்டிங்கில் ஹோஸ்ட் என்ற இடத்தில் யாருடைய பெயரை முதலில் போடுவது என்று நான் அவரைக் கேட்கவில்லை, போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு, "எம் படம் எதுக்கு புள்ள, சிரிச்சிக்கிட்டு வேற இருக்கேன்," என்று மட்டும் சொன்னார்.

நேற்றுக் காலை அந்த வீட்டுக்கு முதல் புக்கிங் வந்தது. "அன்புள்ள தவமணி" என்று தொடங்கும் செய்தி. குழந்தைக்குத் தொட்டில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். அக்கா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பதில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டினேன். கீழே அவருடைய பெயரைப் போட்டு அனுப்பியாயிற்று.